கீழ் வரிசைக் குடித்தனக்காரர்

கடோவாகி முதன்முதலில் எங்கள் ஹோட்டலுக்கு வந்தபோது ஒரு வாரம் தங்குவதாகச் சொன்னார். கிட்டத்தட்ட நான்கு வருஷம் இருந்தார்.

எங்கள் ஹோட்டல் ஒசாகாவில், நம்பா ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், ஒரு பார்சல் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மூன்று மாடி. ஆண்களுக்கு மட்டும். சுவர் நெடுக மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பெட்டிகள். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், உட்கார்ந்தால் தலை முட்டும். கதவு கிடையாது, திரைதான். ரயிலைத் தவறவிட்டவர்களும், பரீட்சை எழுத வந்த பிள்ளைகளும், முதுகுப் பையோடு தனியாக ஊர் சுற்றுகிறவர்களும் வருவார்கள், போவார்கள். வரவேற்பு மேசையில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். முகங்கள் எனக்கு நிற்பதில்லை. கடோவாகியின் முகம் நின்றது, அவர் போகவே இல்லை என்பதால்.

தொத்தோரிப் பக்கம் குராயோஷி அவருடைய ஊர். பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தார். மனைவியையும் தாயையும் ஊரில் விட்டுவிட்டு இங்கே கம்பெனிக் குடியிருப்பில் தனியாகப் பதினோரு வருஷம். எங்கள் நாட்டில் இது அதிசயமில்லை, கம்பெனி அனுப்பினால் போகத்தானே வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். குடியிருப்பும் போயிற்று. ஒரு பெட்டியும் ஒரு கோட்டுமாக என் முன்னால் வந்து நின்றார்.

"கீழ் வரிசையா கொடுங்க, ஒகுனோசான். மேல ஏறி இறங்க முட்டி ஒத்துக்காது" என்றார், என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்து.

கட்டடம் கட்டும் இடங்களில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு லாரிகளுக்குக் கை காட்டி வழிவிடும் வேலை கிடைத்தது. விடிந்ததும் கிளம்புவார், மூன்றரை நான்குக்குத் திரும்புவார். குளித்துவிட்டு எங்கள் பழுப்பு நிற இரவுடையைப் போட்டுக்கொண்டு பொதுக்கூடத்தில் பேப்பரை வரி விடாமல் படிப்பார். ஈரத் துண்டை மடித்துத்தான் கூடையில் போடுவார். ஊருக்கு மாதாமாதம் பணம் போனது. கம்பெனி மூடிய செய்தி மட்டும் போகவில்லை. சனிக்கிழமைகளில் மனைவிக்குப் போன் செய்வார். மாடிப்படித் திருப்பத்தில் நின்று, "இந்த மாசம் கணக்கு முடிக்கிறாங்க, தலைக்கு மேல வேலை" என்று அவர் சொல்வது என் காதில் விழும். நான் கேட்காத மாதிரி இருப்பேன். அதுதான் என் வேலை.

போன வருஷம் அக்டோபரில் நகுரா என்று ஒரு பையன் வந்தான். வடக்கே செந்தாய் நகரத்துக்காரன், இருபத்து மூன்று வயசு. கையில் சொற்பப் பணத்தோடு நாட்டைச் சுற்றி, போகிற இடங்களில் வீடியோ எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன். கேமராவைத் தூக்குமுன் கேட்டுக்கொள்வான்.

"இந்த மாதிரி இடத்துல எப்படித் தங்கணும்னு தெரிஞ்சவங்க யாராவது பேசுவாங்களா?" என்று என்னிடம் கேட்டான்.

நான்தான் கடோவாகியைக் கை காட்டினேன். அதை இன்று வரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவருக்கு ஒரே உற்சாகம். எத்தனை நாளாயிற்றோ, ஒருவன் எதிரே உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டு! லிஃப்ட் பக்கத்துப் பெட்டியை வாங்காதே, ஆள் நடமாட்டம் தூங்க விடாது. காதுக்குப் பஞ்சு வை. குளியலுக்கு ஐந்து மணிக்குப் போ, தொட்டி முழுக்க உனக்குத்தான். பையன் சிரித்துச் சிரித்துக் கேட்டான்.

"முகத்தை மறைச்சிடுறேன், கடோவாகிசான். கவலைப்படாதீங்க."

"மறைச்சிடு, மறைச்சிடு. பாக்கிறவங்க பயந்துடப்போறாங்க."

"இங்க யாருக்கு நல்லா தூக்கம் வரும்?"

"ரயிலை விட்டவனுக்கும், பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டவனுக்கும்."

"நீங்க எதுல சேத்தி?"

"நான் தனி ரகம்ப்பா. எனக்கு வீடு இருக்கு. போகத்தான் சோம்பல்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேசையில் இருந்த நானும் சிரித்தேன்.

முகத்தை மறைத்தான், சொன்னபடியே. குரலை மறைக்க யாருக்குத் தோன்றும்? குராயோஷிக்காரர்களின் இழுவை அந்தக் குரலில் அப்படியே இருந்தது. பேரிக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் அவர் மனைவி யாசுயோ வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டின்போது கூட வேலை செய்யும் ஒருத்தி போனை நீட்டி, "இது உங்க வீட்டுக்காரர் குரல் மாதிரியே இல்ல?" என்றாளாம். எங்கள் ஹோட்டல் பெயரும் வீடியோவில் இருந்தது.

நவம்பர் மழையில் ஒரு நாள் மூன்று மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். சின்ன உருவம், ஈரக்குடை, தோளில் ஒரு கைப்பை. "கடோவாகி இங்க இருக்காரா?" என்று கேட்டாள். பெண்களைச் செருப்பு அலமாரியைத் தாண்டி விடுவதில்லை. முன்கூடத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தேநீர் கொடுத்தேன். தொடவில்லை.

அரை மணியில் அவர் வந்தார், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாசுயோ, வேலை போயிடுச்சு. சொல்லணும்னுதான்…"

"எப்போ போச்சு?"

"மூணு வருஷம் முன்னாடி. மார்ச்சுல."

அவள் விரலை மடித்து எண்ணவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"அப்போ அத்தை விழுந்து இடுப்பு ஒடிஞ்சப்ப உங்களுக்கு வேலையே இல்ல."

அவர் ஹெல்மெட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ரெண்டரை வருஷம். தூக்கி உட்கார வச்சு, துடைச்சு விட்டு, ராத்திரி மூணு தடவை எழுந்து, எல்லாம் நான் ஒருத்தி. 'எம்புள்ள ஷிகேயோஷி எப்ப வருவான்'னு தினமும் கேட்டாங்க. ஆபீஸ்ல லீவு கொடுக்கலைன்னு நான்தான் சொன்னேன். உங்களுக்காக நான் பொய் சொன்னேன், அது பொய்யின்னே தெரியாம."

"பணம் அனுப்பினேனே, ஒரு மாசம்கூட…"

"பணத்தையா கேட்டேன்? வேலை போச்சுன்னா போகட்டும். வந்திருக்கலாமே! ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சிருக்கலாமே! சாவுக்கு வந்தீங்க. ரெண்டு நாள் இருந்தீங்க. கம்பெனில கூப்பிடுறாங்கன்னு மூணாம் நாள் கிளம்பினீங்க. இங்கதானே வந்து படுத்தீங்க?"

"வெக்கமா இருந்துச்சு."

"வெக்கம் இல்ல." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "வீடு இருக்கு, போகத்தான் சோம்பல். அந்த வீடியோல சொன்னீங்களே. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. எங்கிட்ட நீங்க அப்படிச் சிரிச்சே எத்தனையோ வருஷமாச்சு."

அவர் தரையைப் பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள், கொஞ்ச நேரம். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, எனக்கு முறையாகக் குனிந்து வணங்கி, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். லிஃப்ட் கதவு மூடும் வரை அவர் நகரவில்லை. துரத்திக்கொண்டு ஓடியிருக்கலாம். அவள் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

நகுராவுக்கு நான் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் வீடியோவை நீக்கிவிட்டு, நேரில் வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்று பதில் போட்டான். வேண்டாம் என்றேன். யார் மேல் கோபப்படுவது என்று எனக்கே விளங்கவில்லை.

டிசம்பரில் ஹோட்டல் முகவரிக்கு அவர் பெயரில் தபால் வந்தது. உள்ளே, அதற்கே உரிய பச்சை எழுத்தில் விவாகரத்துப் படிவம். அவள் பக்கம் நிரப்பி, தன் பெயர் முத்திரையும் குத்தியிருந்தாள். கடிதம் ஒன்றும் இல்லை. கடோவாகி இரண்டு நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். மூன்றாம் நாள் பொதுக்கூடத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என் பேனாவைக் கேட்டார். நகராட்சிப் பதிவில் அவர் முகவரி இன்னும் குராயோஷிதான். மூன்று வருஷத்தில் இரண்டே நாள் தங்கிய வீட்டின் முகவரியைத் தன் முகவரி என்று எழுத வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தி, வீட்டு எண்ணை யோசித்தார்.

"ரெண்டு சாட்சி வேணுமாம்" என்றார் என்னைப் பார்க்காமல். "எனக்கு இங்க வேற யாரைத் தெரியும், ஒகுனோசான்?"

நான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு சாட்சிக்கு, குளியலறை கழுவும் இனுய் அம்மாளைக் கூப்பிட்டோம். அவள் ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டுப் படிவத்தை உற்றுப் பார்த்தாள்.

"பச்சை எழுத்து. முறிக்கிற காகிதமா?"

"ஆமாம்."

"கையெழுத்துப் போட்டா எனக்கு ஏதும் வம்பு வராதே?"

"வராது. இவரைத் தெரியும்னு அர்த்தம், அவ்வளவுதான்."

"தெரியுமே. துண்டை மடிச்சுப் போடுறவர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்தொன்பது வருஷத்து இல்லறம் முடிந்ததற்கு நாங்கள் இரண்டு பேர் சாட்சி. அந்த அம்மாளை நான் பார்த்தது ஒரு முக்கால் மணி நேரம். இனுய் பார்த்ததே இல்லை.

தபாலில் போட்டுவிட்டு வந்து அடுத்த வாரத்துக்கும் பதிவு செய்துகொண்டார். வேலைக்குப் போனார், வந்தார், பேப்பர் படித்தார். சனிக்கிழமைகளில் மாடிப்படித் திருப்பம் காலியாக இருந்தது. மார்ச்சில் ஒரு காலை, செருப்பு அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, வேறு பக்கம் வேலை மாற்றிவிட்டார்கள் என்றார். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அது உண்மைதானா என்றும் கேட்கவில்லை.

என் மகன் கல்யாணமாகிப் போன பிறகு எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. ஜன்னல் உண்டு, கதவு உண்டு. அந்த டிசம்பர் முழுக்க அதை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். என் மனைவி என்ன சொல்வாளோ என்று ஒரு நாள், ஹோட்டல் விதிப்படி கூடாதே என்று ஒரு நாள். ஒவ்வொரு வாரமும் அவர் மேசை முன் வந்து நின்றார். நான் பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தேன்.