வளைவில் என் கை இல்லாத ஓட்டம்

அன்பான சகோதர சகோதரிகளே, என் பெயர் அந்தோணி. ராயபுரத்தில் குடியிருக்கிற துறைமுகத் தொழிலாளி. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நான் கேட்டதைக் கொடுக்காமல் மாதா எனக்குச் செய்த உதவியை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

சுனாமிக்கு முந்தைய வருஷம். என் ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினாறு வயது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள். தெற்கே ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துப் போயிருந்தாள். அங்கே ஆறு மாதத்தில் மூன்று போட்டி. மூன்றிலும் முதல் சுற்றில் பாய்ந்து, கடைசிச் சுற்றில் நடந்து வந்தாள். அடுத்த போட்டியும் இப்படியே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டு போனில் பேசுவாள். அப்படிச் சொல்லிவிட்ட வாரம் அழுதாள்.

"நைனா, இங்க வளைவுல நீ இல்ல. எப்போ மெதுவா போவணும், எப்போ வேகமா போவணும், ஒண்ணுமே தெரியல. நான் வூட்டுக்கே வந்துடறேன்."

தப்பு என்னுடையது. கப்பலுக்குள் அடித்தளத்தில் கிடக்கும் சரக்கு, மேலே கிரேன் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் விளிம்பில் நின்று நான்தான் கையைக் காட்டுவேன். விரித்தால் இறக்கு, விரலை அசைத்தால் மெதுவாக, மூடினால் நிறுத்து. இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. அதே கையோடு இங்கே மைதானத்து வளைவில் நின்று மகளை ஓட வைத்தேன். அவள் என் கையைப் பார்த்தே ஓடினாள், ஜெயித்தாள். நானும் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். தன் வேகத்தைத் தானே அளக்க அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை.

கோவிலுக்கு ஓடினேன். "மாதாவே, போட்டி அன்றைக்கு நான் அந்த வளைவில் நிற்க வேண்டும். லீவு வாங்கிக் கொடு." ஒன்பது நாள் நவநாள் செய்தேன். ஒன்பதாம் நாள் இரண்டு கப்பல்கள் சேர்ந்தாற்போல் வந்து நின்றன. யாருக்கும் லீவு இல்லை.

எனக்குச் சரியான கோபம். அன்று மாலை மாதாவின் முகத்தைப் பார்க்காமல், வீம்புக்கு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். கண்ணெல்லாம் கைக்கடிகாரத்தில், எப்போது முடியும், எழுந்து போகலாம் என்று. அப்போதுதான் கவனித்தேன். மனதுக்குள் சொன்னால் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் பதினாலு நொடி. அடுத்ததும் பதினாலு. அந்தப் பத்து மணியும் அப்படியே. ஸ்டெல்லாவின் நல்ல சுற்று எண்பத்து நாலு நொடி. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு ஆறு ஜெபம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டில் சொன்னதும் என் மனைவி பிலோமினா முறைத்தாள்.

"இன்னாயா, மாதாவையே கடியாரம் ஆக்கிட்டியா?"

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "சரி, போய்ச் சொல்லு. தூரமா போன புள்ளைய நெனச்சுத் தவிக்கிறது அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் விடுதிக்கு போன் போட்டேன்.

"சுத்துக்கு ஆறு 'அருள் நிறைந்த மரியே' மனசுக்குள்ள சொல்லு, கண்ணு. ஆறு முடியறதுக்கு முன்ன சுத்து முடிஞ்சா நீ வேகமா போய்கினு கீறன்னு அர்த்தம். கொஞ்சம் கொறச்சுக்கோ. கடைசி சுத்துல மட்டும் எவ்ளோ வேகம் வருதோ போ. ஆனா சொல்றத வுடாத."

"அப்போ நீ வரலியா நைனா?"

"வர முடியல. நான் இங்க நின்னு சொல்றேன். நீ அங்க ஓடிகினே சொல்லு."

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் போட்டி. இங்கே டீ நேரம். எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் கப்பல் விளிம்பிலேயே நின்றேன். என்னை அறியாமல் கை தூக்கிக்கொண்டது. அதை மடக்கி, ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். மூணே முக்கால் சுற்றுக்கு இருபத்து மூன்று சொல்லி முடித்தேன். காற்று மட்டும் அடித்தது.

மறுநாள் போன் வந்தது.

"நைனா, மூணாவதா வந்துட்டேன்! இங்கயே இருக்கச் சொல்ட்டாங்க!"

பிலோமினா தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். இருபத்து மூன்றும் சொன்னாயா என்று கேட்டேன்.

"கடைசி ஒண்ணு மட்டும் பாதில நின்னுபோச்சு நைனா. மூச்சே இல்ல."

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது வடக்கே வேலையில் இருந்துகொண்டே ஓடுகிறாள். அன்றைக்கு லீவு கிடைத்திருந்தால் இன்றைக்கும் வளைவில் என் கையைத்தான் தேடிக்கொண்டிருப்பாள். தாய்க்கு நன்றி. எதையும் நானே கை காட்டி நடத்த வேண்டும் என்கிற வீம்பு என்னை விட்டுப் போய்விட்டது.

பிள்ளையையோ புருஷனையோ தூரத்தில் விட்டுவிட்டுத் தவிக்கிறவர்களே, பக்கத்தில் நிற்க முடியவில்லையே என்று உடைந்துபோகாதீர்கள். போன் போட்டு, தைரியமாக ஓடு என்று சொல்லுங்கள். மிச்சத்தை மாதாவிடம் விட்டுவிடுங்கள். நானும் அப்படித்தான். ஸ்டெல்லா ஓடுகிற நாளில், கடைசி ஒன்றை மட்டும் இங்கிருந்து நான் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அந்நேரம் மூச்சு இருக்காது.