நீக்கவா, வைத்திருக்கவா?

சுனாமி அம்மாவையும் என் கணவரையும் கொண்டுபோன பிறகு எனக்கென்று மிஞ்சியவன் தம்பி ஒருவன்தான். நிவாரணத்தில் கிடைத்த பழைய கணினியை வாவிக்கரை வாடகை வீட்டில் பொருத்தி, யாரும் பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய இலவச இயங்குதளம் ஒன்றை அதில் போட்டுத் தந்தான். "இத வெச்சு டைப் அடிச்சுக் குடுத்து உழைக்கலாம், அக்கா" என்றான்.

முதல் நாளே அது என் பெயரைக் கேட்டது. எழும்பிப் போய் அடையாள அட்டையை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆமிக்காரன் மறிக்கும் சென்றியில் நின்று பழகிய கை, கேட்க முன்னமே நீட்டிவிடும். "சிரிக்காதடா, மூதேவி" என்று பிடரியில் ஒன்று போட்டேன்.

அடுத்த கேள்வி வந்தது. நீங்கள் பாவிக்கும் செயலிகளின் விபரத்தை, இதை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பலாமா? ஆம், இல்லை.

"இல்லையெண்டா என்ன செய்வாங்க?"

"ஒண்டும் செய்யமாட்டாங்க. விருப்பமில்லாட்டி வேணாமெண்டுங்க. அவ்வளவுதான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்களிடம் எவன் இப்படி அனுமதி கேட்டான்? ஆமி வந்து வீட்டில் யார் யார் படுத்தெழும்புகிறார்கள் என்று பதிந்து, எல்லாரையும் வாசலில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள். 'இல்லை'யை அழுத்திவிட்டு, வெளியே வாகனச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

பிறகு தம்பி வேலை கிடைத்து வன்னிக்குப் போனான். சண்டை மறுபடி தொடங்கி, வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். அங்கே அலுவலகக் கணினியிலிருந்து அரட்டைச் செயலியில் வந்து, "சாப்பிட்டீங்களா, அக்கா?" என்று எழுதுவான். கடைசியாக, "இடம் மாறுறம். மறுகா வாறன்" என்று எழுதினான். சண்டை முடிந்ததென்று பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். செயலியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியவே இல்லை. முகாம் முகாமாகத் தேடினேன். வீட்டுக்கு வந்தால் அந்தச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியே இருப்பேன்.

ஒருநாள் அப்டேட் கேட்டது: புதிய பதிப்பில் இந்தச் செயலி இல்லை. நீக்கவா, வைத்திருக்கவா? பதறிப்போய், கணினி திருத்துகிற காத்தான்குடிக்காரரைக் கூப்பிட்டேன்.

"இது செத்துப்போன சாமான், அக்கா. இப்ப ஒருத்தரும் பாவிக்கிறதில்ல. தூக்கிருவமா?"

"வாயக் கழுவுங்க!" என்று கத்திவிட்டேன். "நான் பாவிக்கிறன். நான் ஒருத்தி இல்லையா?"

நல்ல மனுசன், திகைத்துப்போனார். பிறகு மெதுவாக, "நீங்க பாவிக்கிறது அவங்களுக்கு எப்பிடித் தெரியும், அக்கா? விபரம் அனுப்ப வேணாமெண்டு நீங்கதானே வெச்சிருக்கீங்க. தெரிஞ்சா ஒருவேளை விட்டுவைப்பாங்க" என்றார்.

அவர் போனதும் 'வைத்திரு' என்பதை அழுத்தினேன். விபரம் அனுப்புவதற்கும் 'ஆம்' என்றேன். எங்கோ முகம் தெரியாத யாருக்கோ, இந்தச் செயலியை ஒரு ஆள் இன்னும் திறக்கிறார் என்று தெரியவரும். அந்த ஆள் யார் என்று கேட்கமாட்டார்களாம், திரையில் போட்டிருந்தது. யாருக்காகத் திறக்கிறார் என்றும் கேட்கமாட்டார்களாம். அதை வாசித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.