செக் நாட்டுக்கு ஜெயபால் தயாரான விதம்

1. வீடு சந்திப்பு

ஹனா வந்த முதல் நாளே ஜெயபாலின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். அக்காள்மடத்தில் எங்கள் மிஷனரி பயிற்சி மையத்தில் நடந்தது இது. வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களைத் தயார் செய்வது அங்கே என் வேலை. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த கதை.

ஜெயபாலையும் அவர் மனைவி ஸ்டெல்லாவையும் செக் நாட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. விசா பேப்பர், ஆன்லைனில் செக் மொழி வகுப்பு எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே இவர்களை அழைக்கும் சின்ன சபையிலிருந்து ஹனா நேரில் பார்க்க வந்திருந்தார். அவர் சரி என்றால்தான் பயணம். ஸ்டெல்லாவோ அவசரப்பட்டு ஸ்கூல் வேலையை அதற்குள் விட்டிருந்தார்.

பயிற்சிக்காக நடித்துப் பார்த்தோம்: ஹனா வீட்டில் இருப்பவர், ஜெயபால் வீடு சந்திக்கப் போகிற ஊழியர். திருப்பாலைக்குடி பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கிய பழக்கம் அவருக்கு. உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா என்றார். ஹனா வேண்டாம் என்றார். ஜெயபால் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் கதவு சாத்தப்பட்டது. மனுஷன் அசரவில்லை. வெளியே நின்றபடியே கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

ஹனாவுக்கு நல்ல கோபம். ஒரு காலத்தில் ராஜாக்கள் இந்த மதத்தில்தான் இருக்க வேண்டும் என்று எங்களைக் கட்டாயப்படுத்தினார்கள், பிறகு வந்த கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி சர்ச் பக்கமே போகாதே என்று மிரட்டியது, இதில் யார் வற்புறுத்தினாலும் எங்கள் ஆட்களுக்கு ஆகாது என்றார். இவரை அனுப்பினால் சபைக்கு வருகிற கொஞ்சப் பேரும் நின்றுவிடுவார்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

எங்கள் ஊரில் முதலில் சொல்கிற வேண்டாம் வெறும் மரியாதைக்கு, காப்பி வேண்டாம் என்பவரை அப்படியே விட்டால் நம்மைக் கஞ்சன் என்பார்கள் என்று விளக்கினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் எரிச்சல்தான். இத்தனை மாத வேலை வீணாகப் போகிறதே.

2. மத்தியானச் சாப்பாடு

மறுநாள் ஜெயபாலும் ஸ்டெல்லாவும் ஹனாவையும் என்னையும் ஜெயபால் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். திருவாடானைக்குப் பக்கத்துக் கிராமம். அவருடைய அய்யா மிளகாய் விவசாயி, குலசாமியை விடாதவர். மகன் காலேஜில் படிக்கும்போது கிறிஸ்தவரானவர். வீட்டுக்கு வந்தால் கிளம்பும்போது சத்தமாக ஜெபித்துவிட்டுத்தான் கிளம்புவார், அய்யா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். ஸ்டெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பெரியவரே பரிமாறினார். ஹனா போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினார். கை ஓரமாகச் சோறு விழுந்தது. அடுத்து கோழிக்குழம்பு. ஹனா முகம் சிவந்து என்னைப் பார்த்தார். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

சாப்பிட்டு எழுந்ததும், உங்கள் மகனும் இப்படித்தான் வேண்டாம் என்றாலும் விடமாட்டேன் என்கிறார் என்று பெரியவரிடம் என் மூலமாகச் சொன்னார் ஹனா. பெரியவர் சிரிக்கவில்லை.

"சோறு வேண்டாம்னா முறைக்குச் சொல்றது தாயி. சாமி விஷயத்துல நான் வேண்டாங்கிறது முறைக்கு இல்ல. இவன் வாரப்பல்லாம் சொல்றேன். இவனுக்குத்தான் ரெண்டும் ஒண்ணாத் தெரியுது."

அப்படியே மொழிபெயர்த்தேன். ஜெயபாலின் முகம் தொங்கிவிட்டது.

கிளம்பும் நேரம். ஸ்டெல்லா வழக்கம்போல ஜெபத்துக்காக முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். பெரியவர் வழக்கம்போல கொல்லைப் பக்கம் திரும்பினார்.

"அய்யா, ஜெபம் பண்ணவா?" என்றார் ஜெயபால். அந்த வீட்டில் அவர் அனுமதி கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறை.

"வேண்டாம்ப்பா."

"சரிங்கய்யா. வாரேன்."

ஜெயபால் செருப்பை மாட்டிக்கொண்டார். பெரியவர் இதை எதிர்பார்க்கவில்லை. கொல்லைப் பக்கம் போகாமல் எங்கள் பின்னாலேயே கார் வரைக்கும் வந்தார். இந்தப் பயணத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்காதவர்.

"ஏலே, அங்கன ரொம்பக் குளிருமாமே? திங்கிறதுக்கு என்னடா செய்வீங்க?"

ஜெயபாலுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டெல்லாதான் பதில் சொன்னார். பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நின்றார். கார் கிளம்பத் தாமதமானது.

வழியில் ஹனா என்னிடம், இவர்கள் வந்ததும் தங்குவதற்கு என் வீட்டு மாடியை ஒழித்துவைக்கிறேன் என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். செக் மொழியை அங்கே போயும் படித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றவரிடம் சரி என்று சொல்ல, கிளம்புவதற்கு முன்னால் சொந்த வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.