வரி போடமுடியாத காணி

காணி பங்கிட அதிகாரிகள் கூடிய காணிக் கச்சேரி நடந்த அன்று எங்கள் கிராமச் சபைத் தலைவர் குளக்கட்டில் பொங்கிப் படைத்தார். புளியங்குளத்துக்குக் கிழக்கே இருந்த அரச காட்டை வெட்டி, யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி வவுனியாவுக்கு நடையாய் நடந்தவர் அவர்தான். சபையில் கிளாக்கராக இருந்த எனக்கு அவர் போட்ட கணக்கு அப்போது சரியாகவே பட்டது. ஊரவர் கட்டும் ஏக்கர் வரியில்தான் சபை ஓடியது. எங்கள் இலவச மருந்துச்சாலையும் அதன் வைத்தியரான பரியாரியாரும் அந்த வரியை நம்பியே இருந்தார்கள். காணி பெருகினால் வரியும் பெருகும் என்று நினைத்தோம். இரண்டு பேருமே மடையர்கள்.

குடும்பங்கள் வந்தன, கூடவே காய்ச்சலும் வந்தது. மருந்துச்சாலை வாசலில் சனம் முட்டியது. வரி மட்டும் வரவில்லை. குடியேறியவர்களிடம் இருந்தது வெறும் அனுமதிப் பத்திரம், காணி இன்னும் அரசாங்கத்துடையது, அதற்குச் சபை வரி போடமுடியாது என்று மேலிடம் கையை விரித்துவிட்டது. வந்தவர்கள் குடிக்கும் மருந்துக்கு நாங்கள் ஏன் கட்டவேண்டும் என்று பழைய ஊர்க்காரர் முறுகினார்கள். தலைவர் தன் மாட்டுச் சோடியை விற்று ஒரு மாரிக்காலத்துக்கு மருந்து வாங்கினார். அடுத்த மாரிக்கு விற்க அவரிடம் ஒன்றுமில்லை. சம்பளமில்லாத பரியாரியார் பஸ் ஏறிவிட்டார்.

குடியேறியவர்களில் ஒருவர் சபைக் கந்தோருக்கு என்னைத் தேடி வந்தார். "எங்களுக்கும் வரியைப் போடுங்கோ ஐயா, நாங்கள் கட்டுறம்" என்றார். பற்றுச்சீட்டு எழுதச் சட்டமில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இன்று அந்தக் காணிகளுக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறது, வரியும் கட்டுகிறார்களாம். கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

பரியாரியார் போன அந்த மாரியில், கந்தோருக்கு வந்தவருடைய சின்ன மகள் காய்ச்சலில் விழுந்தாள். மருந்துச்சாலை பூட்டிக் கிடந்தது. தலைவர் இரவல் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். தகப்பனும் நானும் பிள்ளையோடு பின்னால் இருந்தோம். புளியங்குளம் வருமுன்பே மூச்சு நின்றுவிட்டது. திரும்பும் வழி முழுக்க, "நான்தானே இவையளைக் கூப்பிட்டனான்" என்று தலைவர் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

தகப்பன் தன் காணியடியில் பிள்ளையோடு இறங்கினார். அவர் அழவில்லை. தலைவரைப் பார்த்துக் கேட்டார்:

"காணி அரசாங்கத்தின்ர எண்டு சொன்னியள். பிள்ளையை இதுக்குள்ள புதைக்க ஆரிட்டைக் கேக்கவேணும்?"

தலைவர் வண்டியிலிருந்து இறங்கினார். குடிசையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தார்.