பிறை வெட்டாத பேனர்

புது ஃபிளெக்ஸ் பேனரின் சுருளைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வரும்; மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்தாற்போல, மூக்கு நுனியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற வாசனை. ஆம்பூருக்கு வருகிற விருந்தாளிகள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தோல் நாற்றம் என்று கைக்குட்டையைத் தேடுவார்கள். பிறந்தது முதல் பழகிப்போன அந்த நாற்றம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அப்பா வாசலில் பேனர் சுருளை இறக்கினால் மட்டும் அம்மா சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுவாள். எனக்கு அந்த வாசனை பிடிக்கும், சுருள் வந்தால் நான்தான் முதலில் போய் நிற்பேன்.

அப்பாவுக்குப் பேனர் கட்டுவது தொழில். அச்சடிப்பவர்கள் வேறு, வேலூரில் மெஷின் வைத்திருந்தார்கள். அச்சாகி வந்ததைச் சட்டத்தில் அடித்து, கேட்ட இடத்தில் நிறுத்தி, சொன்ன நாளில் இறக்குவது அப்பாவும் அவரோடு இருந்த இரண்டு ஆட்களும். பிரியாணிக் கடைத் திறப்பு, ஷூ கடை ஆடித் தள்ளுபடி, ரம்ஜான் வாழ்த்து, சர்ச் எழுப்புதல் கூட்டம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும் எங்கள் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டுத்தான் போகும். "பேனர் செல்வம்" என்றால் பள்ளிகொண்டா வரைக்கும் தெரியும். ரீப்பர் கட்டையில் சட்டம் கட்டி ஃபிளெக்ஸை இழுத்து அடிக்கும்போது, ஒவ்வொரு ஆணித்தலைக்கு அடியிலும் ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் துண்டு ஒன்றை வைப்பார். வெறும் ஆணி ஃபிளெக்ஸைக் கிழித்துவிடும், தோல் இருந்தால் பிடித்துக்கொள்ளும்.

ஆணியைவிட முக்கியமானது காற்றுக்கு வழி விடுவது. பேனரில் அங்கங்கே ஒரு சாண் அகலத்துக்கு அரைவட்டமாகக் கத்தியால் கீறுவார். காற்று வந்து மோதும்போது அந்த அரைவட்டம் திறந்து காற்றை வெளியே விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். அப்பா அதற்குப் "பிறை" என்று பெயர் வைத்திருந்தார். பெருநாள் வாழ்த்துப் பேனர்களைக் கட்டிக் கட்டி வந்த பழக்கமாக இருக்கலாம். பிறையை எங்கே வெட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. எழுத்தில் விழக் கூடாது, முகத்தில் விழவே கூடாது. கட்சிக்காரர்கள் பேனர் வந்தால் அப்பாவுக்குக் கொண்டாட்டம், எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்கள், வெள்ளையில் எத்தனை வெட்டினாலும் கீழே இருந்து பார்த்தால் தெரியாது. "போவ வழி வுட்டா காத்து அது பாட்டுக்குப் போய்டும், மறிச்சாதான் பேஜாரு" என்பார்.

நான் பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கே முதலாவதாக வந்தேன். அந்தப் பெருமையை நான் அடக்கமாகச் சுமந்தேன் என்று எழுத ஆசைதான்; உண்மையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட யாராவது மார்க்கைக் கேட்க மாட்டார்களா என்று குடத்தைச் சாவகாசமாக நிரப்பிக்கொண்டிருந்தேன். பள்ளி நிர்வாகி மே மாதக் கடைசியில் இருபதடிக்குப் பத்தடியில் ஒரு பேனர் போட்டார். பெரிய ரோட்டு பஸ் ஸ்டாப்பில் அதை நிறுத்த வேண்டும், கட்டும் வேலை அப்பாவுக்கு. ஊராருடைய முகங்களையெல்லாம் தூக்கி நிறுத்திய மனிதருக்குத் தன் மகளின் முகத்தை நிறுத்துகிற வேலை வந்தது. சுருள் வருவதற்கு முன்பே டீக்கடையிலிருந்து டயர் கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பேனரை விரித்தோம். நடுவில் நான், என் தலை மட்டுமே ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்தது. இரண்டு பக்கமும் அடுத்தடுத்த இடம் வந்த பிள்ளைகள், மேலே சரஸ்வதி, கீழே பள்ளிக் கட்டடம், பள்ளி பஸ், கம்ப்யூட்டர் அறை, மூலையில் கைகூப்பியபடி நிர்வாகி. ஒரு விரல் வைக்கக்கூட வெற்றிடம் இல்லை. அப்பா மூன்று சுற்று சுற்றி வந்தார். ஓரங்களில் நாலு பிறை வெட்டினார். நடுவில் வெட்டாமல் விட்டால் காற்று வயிற்றில் உதைக்கும் என்று அவருக்குத் தெரியும். நடுவில் இருந்தது என் கன்னமும் தாடையும்.

அவர் கத்தியோடு குந்தி உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் ஓடிப் போய்ப் பேனரின் மேலேயே நின்றுகொண்டேன்.

"என் மூஞ்சில வெட்டாதப்பா, ஸ்கூலே பாக்கும், அசிங்கமா இருக்கும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா வாசற்படியிலிருந்தே, காற்று நாள், பேசாமல் வெட்டிவிடுங்கள் என்று சொன்னாள். அப்பா என்னையும் கீழே படுத்திருந்த என் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்தியை மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒரு வாரம்தானே, கயிறு ஜாஸ்தியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னபடியே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கயிறு போட்டார்.

பேனர் மூன்று நாள் நின்றது. நான் தேவையே இல்லாமல் அந்தப் பக்கமாக ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வந்தேன். நாலாம் நாள் சாயங்காலம், ஷூ கம்பெனி பஸ் பெண்களை இறக்கிவிட்டுப் போகிற நேரத்தில், கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்று வந்தது. பேனர் வயிறு உப்பி, ஒரு பக்கத்துச் சவுக்குக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு, சட்டத்தோடு ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள் மேல் சாய்ந்தது. மற்றவர்கள் விலகி ஓடிவிட்டார்கள். சாப்பாட்டுப் பையோடு கடைசியாக இறங்கிய ஸ்டெல்லா அத்தை தலையைக் காப்பாற்றிக்கொள்ள வலது கையைத் தூக்கினார், ரீப்பர் கட்டை அந்தக் கையில் இறங்கியது.

ஸ்டெல்லா அத்தை எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். உறவு கிடையாது, அப்பாவை அண்ணா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு அத்தை. கணவர் இல்லை, மெர்சி என்று ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. "ஸ்டெல்லா ஓட்டுன தையல அளந்து பாக்கத் தேவையில்ல" என்று அவருடைய சூப்பர்வைசரே சொல்வாராம். அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நொறுங்கிப் போயிருந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ரோட்டில் அன்றைக்கு அப்பா கட்டிய வேறு நாலு பேனர்கள் இருந்தன. பிரியாணிக் கடைப் பேனர், நகைக் கடைப் பேனர், எல்லாவற்றிலும் பிறை வெட்டியிருந்தது. ஒன்றுகூட அசையவில்லை. மறுநாள் காலையில் நானும் அப்பாவும் அந்த ரோட்டோடு நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இருவருமே அண்ணாந்து பார்த்தோம்.

ஆஸ்பத்திரியில் அத்தை கட்டுப்போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். மெர்சி காலடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அப்பா கட்டிலருகில் போய் நின்று, தங்கச்சி என்று ஆரம்பித்தார். அத்தைதான் அவரைத் தேற்றினார்.

"வுடுண்ணா. காத்து அடிச்சா நீ இன்னா பண்ணுவ."

காற்றில்லை, பிறை வெட்டாததுதான் என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் வராது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டும் இருந்தேன். அத்தை என் பக்கம் திரும்பி, "நல்ல மார்க்காமே. ஊரே உன்னப் பத்திப் பேசுது, நீ இன்னான்னா எம்மேல வந்து வுந்துட்ட" என்று சிரித்தார். மெர்சியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

வைத்தியத்தை அப்பா பார்த்துக்கொண்டார். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. தையல் மெஷின் ஓட்டிய கைக்குக் கம்பெனியில் பசை தடவும் வேலை கொடுத்தார்கள், பிறகு நூல் பிசிறு நறுக்கும் வேலை, பிறகு அதுவும் இல்லை. மழைக்காலம் வருவதற்கு முன் அத்தை ஆள் விட்டு, அந்தக் கிழிந்த பேனர் சும்மாதானே கிடக்கிறது, சமையற்கட்டுக் கூரை ஒழுகுகிறது, கொடுத்தால் போர்த்திக்கொள்வேன் என்று கேட்டனுப்பினார். அப்பாவே எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்திக் கட்டினார். படம் உள்பக்கம் போகட்டும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும், பாப்பா முகம் வெளியே தெரியட்டும் என்று அத்தை விடவில்லையாம்.

அந்தக் கூரை தெருப்பக்கம் சரிவாக இறங்கியிருக்கும். பிளஸ் டூ முடியும் வரை இரண்டு வருஷம் நான் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போனேன். முதலில் என் உதட்டின் சிவப்பு போயிற்று, பிறகு தலைமுடி நீலமாக மாறியது, கடைசியில் கண் இருந்த இடத்தில் வெளுத்த திட்டு மட்டும் இருந்தது. அத்தை வாசலில் இருந்தால் உள்ளே வா என்று கூப்பிடுவார். டியூஷன் இருக்கிறது என்பேன். ஒரு நாள்கூட நான் உள்ளே போகவில்லை.

அதற்குப் பிறகு அப்பா யார் முகத்துக்கும் அஞ்சாமல் பிறை வெட்டினார். மாப்பிள்ளை கன்னத்தில் ஓட்டை போட்டுவிட்டார் என்று கல்யாண வீட்டில் சண்டைக்கு வந்தார்கள், செத்தவர் நெற்றியில் வெட்டினார் என்று ஒரு குடும்பமே பேச்சை விட்டது. வாடிக்கை குறைந்தது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது அந்த பஸ் ஸ்டாப் இல்லை, மேம்பாலத்துக்காக இடித்துவிட்டார்கள். பேனர் வைக்க அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது, அதனால் பாதிப் பேர் செல்போனிலேயே வாழ்த்தையும் அஞ்சலியையும் முடித்துக்கொள்கிறார்கள். அத்தை வீடிருந்த வரிசை கால்வாய் வேலையில் போய்விட்டது. அவர் எப்போதோ ஆற்காடு தாண்டிக் கலவை என்ற ஊரில் தன் அக்கா வீட்டுப் பக்கமாகக் குடி போய்விட்டிருந்தார். நான் வேலூரில் கணக்கு ஆசிரியை. முழங்கால் வலியோடு அப்பா என்னிடம்தான் இருக்கிறார்.

போன மாதம் மெர்சி போன் செய்தாள். அத்தை இறந்து அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நானும் அப்பாவும் புறப்பட்டோம். ஆற்காட்டில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்: நான் அழுததால்தானே நீங்கள் அன்றைக்கு வெட்டவில்லை, என்னால்தான் அந்தக் கை போயிற்று.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார்.

"நீ சொன்னதுக்காவ நான் வெட்டாம வுடலம்மா. உன் மூஞ்சில கத்தி வெக்க எனக்குத்தான் கை வரல."

பிறகு, இதை ஸ்டெல்லாவிடம் அவள் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், மெர்சியிடமாவது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றார். சரி என்றேன். எனக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது.

மெர்சி இப்போது நர்ஸ், கைக்குழந்தை இருக்கிறது. எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அம்மா உங்களைப் பற்றிப் பேசாத நாளில்லை, அண்ணன் மகளை எப்படிப் படிக்கவைத்தார் பார் என்று சொல்லிச் சொல்லித்தான் என்னையும் படிக்கவைத்தது என்றாள். அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவளே கேட்டாள்.

"லேசா காத்து அடிச்சாக்கூட, மாமா, அம்மா எழுந்துபோய் ஜன்னல சாத்தும். 'இந்தக் காத்துதான்டி என் கையக் கெடுத்துச்சி'ன்னு கடைசி வரைக்கும் திட்டிக்கினே இருந்துச்சி. நெஜமாவே அன்னிக்கி அவ்ளோ பெரிய காத்தா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"பெரிய காத்துதான் மெர்சி" என்று நான் சொன்னேன்.