விஜயராணி அறுத்த சக்கரம்

விஜயராணிக்கு முதலில் கை பேசும், வாய் அப்புறம்தான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் கடை போட்டிருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். கல்யாணமான புதிதில் புருஷன் ஒருநாள் குடித்துவிட்டு வந்து அவளை அறைந்தான். அப்போது அவள் கையில் ஒரு சைக்கிள் ரிம் இருந்தது. அவன் மணிக்கட்டு முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டதாம். கட்டுப் பிரித்த கையோடு திருப்பூருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

திருவானைக்காவலில் ஒரு சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கம்பி பின்னும் வேலைக்குப் போனவள், பிறகு மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு மாறி, சொந்தமாகக் கடை வைத்தாள். பின்னி முடித்த சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியையும் அதை முறுக்கும் சாவியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பாள். ஒரு கம்பி மந்தமாக ஒலித்தாலும் வண்டியை விடமாட்டாள். அவசரப்படுத்துகிறவனுக்கு வசவு இலவசம்.

தாய் தகப்பன் போன பிறகு தம்பி மாதவனை வளர்த்தது அவள்தான். வளர்த்தாள் என்றால், சோறு போட்டாள், அடித்தாள். இரண்டிலும் குறை வைக்கவில்லை. கடையில் அவனுக்கு ஒரே சட்டம்தான். வண்டியிலிருந்து கழற்றிய சாமானைக் கண்ட இடத்தில் போடக்கூடாது. துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, கடைசிப் பலகையில் வைக்க வேண்டும். மறந்தால் பின்மண்டையில் ஒன்று விழும். அவன் மீசை முளைத்து முழு மெக்கானிக் ஆன பிறகும் விழுந்தது.

அந்த மாதவனுக்குத்தான் பந்தயப் பைத்தியம் பிடித்தது. துவாக்குடிக்கு அப்பால் பாதியில் நின்றுபோன ஒரு புதுச் சாலை உண்டு. விடிகிற நேரத்தில் போலீஸ் கண்ணில் படாமல் அங்கே வண்டி விடுவார்கள். சாலை முடிகிற இடத்தில் ஜல்லிக் குவியல், அதற்குப் பின்னால் பாலத்துக்குத் தோண்டிய பள்ளம். வண்டி முசிறி வாழைக்காய் மண்டிக்காரன் வீரமலையுடையது. ஓட்டுகிறவன் மாதவன். பள்ளத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டியதும் அவன்தான்.

பின்பக்கம் கனமாக இருக்கிறது, குறைத்துக் கொடு என்று அக்காவிடம் வந்து நின்றான். விஜயராணி நாலு வசவு விட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். வார்ப்புச் சக்கரத்தைத் தூக்கிப் போட்டாள். அலுமினிய ரிம்மில் மெல்லிய கம்பி பின்னினாள். பெரிய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, துளை போட்ட சின்ன டிஸ்க் ஒன்றைப் பொருத்தினாள். முடிந்ததும் சக்கரத்தை ஒரே விரலில் தூக்கிப் பார்த்தாள். சத்தியமாக அவள் வாழ்நாளில் அதைப் போல் ஒன்றைக் கட்டியதில்லை. கம்பிகள் அத்தனையும் ஒரே குரலில் பாடின. அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் அவள் யாரையும் திட்டவில்லை.

வீரமலைக்கு அதுவும் போதவில்லை. பின் பிரேக்கையே எடுத்துவிட்டால் இன்னும் குறையுமே என்று மாதவன் காதில் ஓதினான். மாதவன் வந்து, "ஜெயிக்கிறவனுக்குப் பின்னாடி பிரேக் எதுக்குக்கா?" என்று சிரித்தான். அறை விழுந்தது.

"நிக்கத் தெரியாத வண்டி என் கடையிலேருந்து போகாதுடா" என்றாள். முன் பிரேக்கை மட்டும் நம்பி அந்த வேகத்தில் பிடித்தால், பஞ்சு மாதிரி இருக்கிற பின்பக்கம் மேலே தூக்கி, ஓட்டுகிறவனைப் பள்ளத்துக்குள் எறிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டான்.

மறுநாள் வீரமலையே ஆளோடு வந்தான். வண்டி தன்னுடையது, வேலையை மட்டும் பாருங்க என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அவன் ஆள் சாமான் பெட்டியை எட்டி உதைத்துத் தெருவில் கொட்டினான். விஜயராணி அச்சுக் கம்பியை எடுத்து அந்த ஆளின் முழங்காலில் ஒரே போடு போட்டாள். அவன் கத்திக்கொண்டே உட்கார்ந்தான். வந்தவர்கள் போய்விட்டார்கள், பிரேக் வண்டியில் இருக்கிறது, தம்பியும் தலையாட்டிவிட்டான் என்று அவள் நம்பினாள். பாவி, கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம்.

பந்தயத்தன்று இருட்டுப் பிரியுமுன் தண்ணீர் பிடிக்க எழுந்தவள் கடைக்குள் விளக்கைப் போட்டாள். மாதவன் வண்டியோடு கிளம்பிவிட்டிருந்தான். கடைசிப் பலகையில் புதிதாக ஒரு பொட்டலம். எண்ணெய்த் துணியைப் பிரித்தாள். அவள் கையால் துளை போட்ட டிஸ்க், பிரேக் மிதி, குழாய் எல்லாம் சுத்தமாகத் துடைத்து உள்ளே இருந்தன. மாதவன் திருட்டுத்தனமாகத்தான் கழற்றியிருக்கிறான். ஆனால் கழற்றிய சாமானை வெளியே போட அவன் கை வரவில்லை. அத்தனை வருஷம் மண்டையில் வாங்கிய அடி அந்தக் கையில் இருந்தது.

கம்பி வெட்டும் நீளமான கட்டரை எடுத்து மொபெட்டில் செருகிக்கொண்டு பறந்தாள். காவிரிப் பாலத்தையும் திருவெறும்பூரையும் எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வண்டிகள் கோட்டில் நின்றன. மாதவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விஜயராணி மொபெட்டைக் கீழே போட்டாள். நேராகப் பின்சக்கரத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. யாரோ அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். வீரமலை விலாவில் உதைத்தான். அவள் கட்டரை விடவில்லை. மாதவன் குதித்து இறங்கினான். "விடுடி!" என்று கத்தி, ஹெல்மெட்டால் அவள் வாயிலேயே அடித்தான். பல் உடைந்தது. அவனைத் திட்டி வளர்த்த வாய் நிறைய ரத்தம். அடுத்த கம்பியையும் வெட்டினாள். ரிம் அப்பளம் போல் மடங்க, வண்டி சாய்ந்து விழுந்தது. அவள் கட்டியதிலேயே நல்ல சக்கரம் அது.

வீரமலையின் கோபம் இப்போது ஓட்டுகிறவன் பக்கம் திரும்பியது. அக்காவை அடக்கத் தெரியாதவனா நீ என்று ஆட்களை ஏவினான். அவர்கள் மாதவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். விஜயராணி எழுந்தாள். விலா நொறுங்கியது போல் வலித்தது, ஆனாலும் எழுந்தாள். கட்டரை இரண்டு கையாலும் ஓங்கி வீரமலையின் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. அவன் அலறிய அலறலில் கூட்டம் விலகியது. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "அவன நான் அடிப்பேன். வேற எவனும் தொடக்கூடாது."

மொபெட்டில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மாதவன்தான் ஓட்டிப் போனான். வழியெல்லாம் அழுதானா என்று அவளுக்குத் தெரியாது. முகம் பார்க்க முடியவில்லை. தையல் போட்டு முடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டான். எல்லார் முன்னாலும் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு, இப்போது திருவெறும்பூரில் தனி அறை எடுத்து வேலை பார்க்கிறான். அக்காவிடம் பேச்சில்லை. அவளுக்கு அது வலிக்கிறது. பல் போனதை விட அதிகமாக வலிக்கிறது. அதை மறைக்கவும் அவள் முயல்வதில்லை.

எப்போதாவது ஏதோ வேலையாக அம்மா மண்டபம் ரோட்டில் அவன் வண்டி வரும். கடைப் பக்கம் திரும்பமாட்டான். கடைக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. விஜயராணி கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நிற்பாள். மாதவனின் வலது கால் பின் பிரேக் மிதியில் மெல்ல அழுந்தும், பின்னால் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் உட்காருவாள்.