கயிறு மூன்றாவது மாடி ஏறிய ஞாயிறு

லிஃப்ட்காரருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஊரில் ஓடும் லிஃப்டுகளில் நாற்பத்தொன்றைப் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு. எது எப்போது நின்றது, எத்தனை நிமிடம் நின்றது, உள்ளே எத்தனை பேர் மாட்டியிருந்தார்கள் என்பதெல்லாம் ஒவ்வொரு கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையிலும் தொங்கும் நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கும். அவர் குடியிருந்தது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "வைத்தியர் வீட்டில் தலைவலி மாத்திரை இல்லாத கதைதான்" என்று அவர் மனைவி, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதெல்லாம் சொல்லுவாள். ஐம்பத்தாறு படிகள் என்று அவர் ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் காட்டுப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். கூட மூன்று பேர். ஒருவன் அவர் மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்கிறவன். இன்னொருவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். மூன்றாவது, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ். பதினோரு வருடத்துக்கு முன்னால் சேர்ந்தவள். நால்வருடையதும் பழைய வண்டிகள், ஒற்றை சீட்டு. நான்குக்கும் ஒரே அளவு செயின், ஒரே அளவு டியூப். அது லிஃப்ட்காரர் போட்ட ஏற்பாடு. அப்படி இருந்தால் உதிரிப் பாகம் ஒரு செட் போதும். அந்த ஒரு செட்டையும் கருவிகளையும் சேர்த்துப் பதினோரு கிலோவை அவரே முதுகில் சுமந்தார். மற்ற மூவரும் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள்.

சவாரிக்கும் நோட்டு உண்டு. முதல் பக்கத்தில் எட்டு நிபந்தனைகள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், முதல் சவாரிக்கு முந்தின நாள் அவர் உட்கார்ந்து எழுதியவை. அதில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: வண்டி நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வரப்படுகிறவர் அந்தக் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், துவைத்துக் காயவைத்து அடுத்த சவாரிக்குக் கொண்டுவர வேண்டும்.

இதுவரை இருநூற்றுப் பதினொரு சவாரிகள் நடந்திருந்தன. கயிறு கட்டியது முப்பத்தெட்டு தடவை. மைத்துனன் பதினான்கு, வாத்தியார் பதின்மூன்று, நர்ஸ் பதினொன்று. லிஃப்ட்காரர் பெயருக்கு நேரே வரும் கட்டம் காலி. வருடக் கடைசியில் கூட்டிப் போடும்போது அந்தக் காலிக் கட்டத்தில் ஒரு சுழியைப் போட்டு, சுழி சரியாக வட்டமாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

"மாமாவுக்குக் கயிறோட நிறம் தெரியுமா?" என்று மைத்துனன் கேட்பான்.

"நீலம்."

"அது வாங்கின புதுசுல. இப்போ என்ன நிறம்னு அதைத் துவைக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

இருநூற்றுப் பன்னிரண்டாவது சவாரி காலை ஆறரைக்குத் தார் ரோடு முடியும் இடத்தில் ஆரம்பித்தது. மலையைச் சுற்றி நாற்பத்து மூன்று கிலோமீட்டர் மண் பாதை, திரும்ப அதே இடம். நர்ஸுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு டியூட்டி. இரண்டரைக்குள் முடித்துவிடலாம் என்று வாத்தியார் கணக்குப் போட்டிருந்தார்.

ஏழு ஐம்பதுக்கு மைத்துனனின் செயின் கழன்றது. செயினின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பூட்ட, சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு துண்டு உண்டு. செயின் லாக் என்பார்கள். அதன் மேல் ஒரு கிளிப். கிளிப்பின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். மைத்துனன் முந்தின வாரம் தானே செயினை மாட்டியிருந்தான், வாய் முன்பக்கம்.

"கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு இதைப் பார்க்காம விட்டியே" என்றார் லிஃப்ட்காரர்.

"நான் விக்கிறதுதான் மாமா. போட்டுக்கிறது இல்ல."

பையிலிருந்த ஒரே செயின் லாக் அதற்குப் போயிற்று. பதினைந்து நிமிடம்.

ஒன்பது இருபத்தைந்துக்கு வாத்தியாரின் பின் சக்கரத்தில் முள் ஏறியது. ஒரு முள் அல்ல, ஒரு கிளை. டியூபில் ஒன்பது ஓட்டை. ஒட்டுவதற்கு இருந்தது ஐந்து துண்டு. உதிரி டியூப் போன மாதமே வாத்தியாருக்குத்தான் போயிருந்தது. புதிது வாங்கி வைப்பதாகச் சொல்லியிருந்தவரும் வாத்தியார்தான். லிஃப்ட்காரர் டியூபை உருவி எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மூவரையும் புல் பிடுங்க விட்டார். காய்ந்த புல் கூடாது, நொறுங்கிவிடும்; பச்சைப் புல்தான். டயருக்குள் அதை முறுக்கித் திணித்து, ஸ்பேனரின் பின்பக்கத்தால் குத்திக் குத்தி இறுக்கினார். ஐம்பது நிமிடம் ஆயிற்று.

"காத்து எவ்வளவு இருக்கு?" என்று வாத்தியார் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"காத்தே இல்ல சார். நாலு கட்டு புல் இருக்கு. மெதுவா ஓட்டுங்க. மாடு எதிர்ல வந்தா ஒதுங்கிப் போங்க."

பதினொன்று ஐந்துக்கு மைத்துனன் ஒரு பாறையோடு பேச்சுவார்த்தை நடத்தப்போய், பெட்ரோல் டேங்கின் அடியில் விரிசல் வாங்கினான். லிஃப்ட்காரர் பையிலிருந்து துணி துவைக்கும் சோப்பை எடுத்தார். ஈரம் படாத சோப்பை விரிசலில் அழுத்தித் தேய்த்தால் பெட்ரோல் அதைக் கரைக்காது, அடைத்துக்கொள்ளும். அதற்குள் முக்கால்வாசி கீழே போயிருந்தது. தன் டேங்கிலிருந்து ஒன்றரை லிட்டரைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து ஊற்றினார். முப்பத்தைந்து நிமிடம்.

ஒன்று பன்னிரண்டுக்கு, முப்பத்தோராவது கிலோமீட்டரில், ஒரு கல் எகிறி நர்ஸின் செயினில் அடித்தது. செயின் பாம்பு மாதிரி பாதையில் விழுந்து கிடந்தது. அவள் இறங்கிப் பார்த்தாள். லாக் இல்லை.

நால்வரும் குனிந்த தலை நிமிராமல் இருபது நிமிடம் பாதையைத் தேடினார்கள். கிடைத்தவை: ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பழைய ஸ்பார்க் பிளக், கிளிப்பில் பாதி. லிஃப்ட்காரர் கட்டுக்கம்பியை நான்கு மடிப்பாக முறுக்கி லாக் இருந்த இடத்தில் கோத்துப் பார்த்தார். நாற்பது மீட்டர் ஓடியது.

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் போனாத்தான் அண்ணா காலையில வந்தவ வீட்டுக்குப் போக முடியும். அவளுக்குக் கைக்குழந்தை."

"கயிறு கட்டி இழுத்தா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மைத்துனன் கேட்டான்.

வாத்தியார் கண்ணை மூடித் திறந்தார். "இந்தப் பாதையில மணிக்கு ஆறு கிலோமீட்டர். பன்னிரண்டுக்கு ரெண்டு மணி நேரம். அப்புறம் தார் ரோட்டுல பதினெட்டு. எப்படிப் பார்த்தாலும் நாலரை."

"யாராவது ஒருத்தர் வண்டியை அவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டுமே."

அதையும் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் வண்டியில் உட்கார்ந்தால் நர்ஸுக்குக் கால் தரையில் எட்டவில்லை. வாத்தியாரின் வண்டி புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனனின் டேங்க் சோப்பில்.

"அப்படின்னா ஒரே வழிதான்" என்று மைத்துனன் மண்டி போட்டு உட்கார்ந்தான். "என் லாக்கை எடுத்து இவங்களுக்குப் போடுங்க மாமா. நான் கயித்துல வர்றேன். பதினாலு பதினஞ்சா ஆகும், அவ்வளவுதானே? எங்க வீட்டுக் கொடியில அதுக்குன்னு தனி இடமே இருக்கு."

வாத்தியார் தலையாட்டினார். நர்ஸ் நன்றி சொன்னாள். யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. மைத்துனன் ஏற்கெனவே கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

லிஃப்ட்காரர் குறடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மைத்துனனின் வண்டிப் பக்கம் இரண்டு அடி வைத்தார். பிறகு நின்றார். நோட்டு பையில் இருந்தது. முதல் பக்கத்தை அவரைத் தவிர வேறு யாரும் முதல் வருடத்துக்குப் பிறகு திறந்ததில்லை. அதில் நான்காவதை வெளியே எடுக்கும் தேவை பத்தொன்பது வருடத்தில் ஒரு முறைகூட வந்ததில்லை. அவர் முதுகுப்பையில் எப்போதும் உதிரி இருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சுழி அப்படியே இருக்கும்.

"அப்படி எடுக்க முடியாது" என்றார்.

"ஏன்? அளவு சேராதா?"

"அளவு சேரும்." எல்லா வண்டிக்கும் ஒரே செயின் போட வைத்தவர் அவர்தான். "நாலாவது நிபந்தனை இருக்கு."

"அது என்ன?"

நோட்டை எடுத்து வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் வகுப்பில் படிக்கிற குரலில் படித்தார்: "ஒரு வண்டியை ஓட வைக்க இன்னொரு வண்டியிலிருந்து பாகம் எடுக்க நேர்ந்தால், அதுவரை மிகக் குறைந்த தடவை இழுக்கப்பட்டவரின் வண்டியிலிருந்தே எடுக்க வேண்டும். சுமை ஒருவர் மேலேயே விழக் கூடாது."

மைத்துனன் மண்டி போட்ட இடத்திலிருந்து எழுந்தான்.

"இதை யார் எழுதினா?" என்று மைத்துனன் கேட்டான்.

"நான்தான்."

"எப்போ?"

"யாரையும் இழுக்கிறதுக்கு முன்னாடி."

"மாமா, இதை யாரும் படிக்கல. எங்களுக்குத் தெரியாது. விடுங்க. எனக்குப் பழக்கம்."

"எனக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் தன் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆறு நிமிடத்தில் லாக்கைக் கழற்றி நர்ஸின் செயினில் பூட்டி, கிளிப்பின் வாய் பின்பக்கம் இருப்பதை இரண்டு தடவை பார்த்தார். ஒன்று ஐம்பத்தெட்டுக்கு நர்ஸ் கிளம்பினாள். போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"மேட்டுல முதல் கியர்லயே போம்மா" என்றார் அவர். "செயினைப் போட்டு இழுக்காதே."

தன் செயினைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். முதுகுச் சுமை பதின்மூன்று கிலோ ஆயிற்று. கயிற்றின் ஒரு நுனியை மைத்துனன் தன் கால்மிதியில் கட்டினான். மறு நுனியை லிஃப்ட்காரர் தன் கால்மிதியில் சுற்றி அதன் மேல் காலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். ஆபத்து என்றால் காலை எடுத்தால் கயிறு தானே விட்டுவிடும். இதை அவர் முப்பத்தெட்டு தடவை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். காலை வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ரெடியா மாமா?"

"போ."

முதல் கிலோமீட்டரில் அவருக்குத் தெரிந்தது புழுதி. இரண்டாவதில், இழுப்பவன் தாண்டிப் போன கல், இழுபடுகிறவன் கண்ணுக்குத் தெரியும்போது அது ஏற்கெனவே சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது என்பது. மைத்துனன் ஒவ்வொரு கல்லுக்கும் எந்தப் பக்கம் என்று காலை நீட்டிக் காட்டிக்கொண்டே போனான். லிஃப்ட்காரர் யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை. பதினான்கு தடவை அவனை இழுத்தபோது முன்னால் பார்த்தே ஓட்டியிருந்தார். இறக்கங்களில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறைந்ததில்லை.

ஓடையில் விழுந்தார். காலை எடுக்க மறந்துவிட்டார்.

மைத்துனன் திரும்பி வந்து வண்டியைத் தூக்கினான். வாத்தியார் புல் வண்டியை நிறுத்திவிட்டு மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விழுந்தப்பல்லாம் என்ன சொல்லுவீங்க, ஞாபகம் இருக்கா?"

"கயித்தைப் பார்த்து ஓட்டுன்னு."

"பார்த்தீங்களா?"

"கயிறு மட்டும்தான்டா தெரிஞ்சுது."

மைத்துனனுக்கு வந்த சிரிப்பில் வண்டி மறுபடி சாய்ந்தது. இரண்டாவது தடவை விழுந்ததற்கு அவனே பொறுப்பு என்று பிறகு நோட்டில் ஏறியது.

தார் ரோட்டுக்கு வந்தபோது மணி நாலு இருபது. செல்போனில் சிக்னல் வந்தது. நர்ஸ் அனுப்பியிருந்தாள்: 'வந்துட்டேன் அண்ணா, அவ கிளம்பிட்டா.' லிஃப்ட்காரர் ஓரமாக உட்கார்ந்து திருப்பிக் கேட்டார்: 'எத்தனை மணிக்கு?' பதில் வந்தது: '3.52.' அதைக் குறித்துக்கொண்டார்.

ஐந்தே முக்காலுக்கு, ஐம்பத்தாறு படிகளையும் ஏறி, சேறு சொட்டக் கதவைத் தட்டினார். கையில் கயிறு. மனைவி அவரைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

"இதுதானா அது? என் தம்பி வீட்டுல தொங்குமே?"

"ஆமா."

"அடி பட்டிருக்கா?"

"முட்டியில. ரெண்டு சென்டிமீட்டர்."

"இப்படியே உள்ள வராதீங்க. நேரா பின்பக்கம் போங்க. நானெல்லாம் இதைத் துவைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"நிபந்தனைப்படி நான்தான் துவைக்கணும்."

வாளியில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றித் தேய்த்தார். நாலாவது தண்ணீரில் நீலம் தெரிந்தது. கொடியில் போடுவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துவந்து அளந்தார். நோட்டில் ஆறு மீட்டர் என்று எழுதியிருந்தார். கயிறு ஐந்து மீட்டர் நாற்பது இருந்தது. நடுவில் மூன்று முடிச்சுகள். எங்கெங்கோ அறுந்து, யார் யாரோ கட்டியவை. ஒன்று நர்ஸினுடையது, கட்டுப் போட்ட மாதிரி தட்டையாக இருந்தது. ஒன்று வாத்தியார். மூன்றாவது முடிச்சை அவிழ்க்க அரை மணி நேரம் முயன்றும் முடியாததால், அது யாருடையது என்று அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஒன்றுகூட நோட்டில் பதிவாகவில்லை.

அப்புறம் நோட்டைத் திறந்தார். இழுக்கப்பட்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'வண்டியில் பழுது இல்லை' என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, அதை அடித்துவிட்டு, 'செயின் லாக் இல்லை' என்று எழுதினார். முதல் பக்கத்துக்குப் போய் ஒன்பதாவது நிபந்தனையைச் சேர்த்தார்: இழுப்பவர் மணிக்கு ஆறு கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, கற்களைக் காலால் காட்ட வேண்டும்.

செல்போன் அடித்தது. மைத்துனன்.

"என்ன மாமா, கயிறு காஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல. நாலு தண்ணி மாத்தியிருக்கேன்."

"நாலா? நான் எல்லாம் ஒரே தண்ணியிலதான் போடுவேன்."

"அது தெரியுது" என்றார் லிஃப்ட்காரர்.